நீள்கம்பு பேட்டரி ஹெட்ஜ் டிரிம்மர்: வாங்குவது முதல் வெட்டி முடிப்பது வரை

ஆளுயரத்தைத் தாண்டிவிட்ட செடி வேலியை ஏணி போடாமல், தரையில் நின்றபடியே வெட்டுவதற்காகத்தான் நீள்கம்பு டிரிம்மர் இருக்கிறது. நீண்ட கம்பு, அதன் நுனியில் மூட்டில் மடங்கும் பல் வைத்த பிளேடு, ஓட்டப் பேட்டரி, அவ்வளவுதான் கருவி. வாங்கி வந்தவர்கள் பலர் முதல் நாளே அதையும் தூக்கிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறிவிடுகிறார்கள். கம்பு எட்டவில்லை என்பது காரணம். எட்டாத கம்பை வாங்கியது அதற்கும் முந்தைய காரணம். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஸ்டூலைத் தவிர்ப்பதற்காகத்தான். நம் ஊர் வீட்டு வேலி, அபார்ட்மென்ட் வேலி, தோட்ட வீட்டு வேலி ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

வேலியின் நீளம், உயரம், மேல்மட்டத்தின் அகலம் மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள். உயரத்தை உள்பக்கம் ஒரு முறை, தெருப்பக்கம் ஒரு முறை அளக்க வேண்டும். சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துபோன ஊர்களில் வீட்டுப் பக்கம்தான் பெரும்பாலும் பள்ளம். வாங்கும் கம்பு பள்ளத்தில் நிற்பவருக்கு எட்ட வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. பெட்டியில் '2.1 மீட்டர் நீளம்' என்று போட்டிருக்கும், அதாவது கிட்டத்தட்ட 7 அடி. ஆனால் அதில் பிளேடும் சேர்த்தி. 45 செ.மீ. பிளேடைக் கழித்து, பின்கைப்பிடிக்குப் பின்னால் நிற்கும் துண்டையும் கழித்தால், உங்கள் கைக்கும் பிளேடு மடங்கும் மூட்டுக்கும் இடையே மிஞ்சுவது 5 அடி சொச்சம். பின்கை இடுப்பருகே, தரையிலிருந்து 3 அடியில் இருக்கிறது. கம்பைச் செங்குத்தாகத் தலைக்கு மேலே பிடித்து வேலை செய்ய முடியாது, 60 டிகிரி சாய்வில்தான் பிடிப்பீர்கள். அந்தச் சாய்வில் மூட்டு நிற்கும் உயரம் சுமார் ஏழரை அடி.

ஆக, பக்கவாட்டில் பிளேடை மேல்நோக்கி நிறுத்தி 9 அடி வரை வெட்டலாம். மேல்மட்டத்தைச் சமமாக வெட்ட பிளேடைப் படுக்கவைக்க வேண்டும் என்பதால் ஏழரை அடியோடு சரி. விளம்பரத்தில் '3 மீட்டருக்கு மேல் எட்டும்' என்று வருவது ஆளின் உயரத்தையும் கம்பின் நுனியையும் கூட்டிச் சொல்வது. மேல்மட்டக் கணக்கு அதில் வராது.

உங்கள் வேலி ஏழரை அடிக்கு மேல் என்றால் 2.5 மீட்டருக்குக் குறையாத, நீட்டிச் சுருக்கும் கம்பு வேண்டும். இல்லையென்றால் ஒரு முறை ஆள் வைத்து வேலியை 7 அடிக்கு இறக்கிவிட்டு, அப்புறம் சிறிய கருவியை வாங்கலாம். இரண்டாவது வழி பலருக்கும் தோன்றுவதில்லை. பணமும் மிச்சம், தோள்வலியும் மிச்சம்.

2. என்ன செடி என்று பாருங்கள்

எல்லாச் செடிக்கும் இந்தக் கருவி ஒத்துவராது. துரந்தா, மருதாணி, இட்லிப்பூ, ஃபைகஸ் போன்றவை இதற்கென்றே வளர்வதுபோல வெட்டுப்படும். செம்பருத்தி பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் அதன் பட்டை நார் மாதிரி உரிந்து பற்களுக்கிடையே சுற்றிக்கொள்ளும். பிளேடு கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் செம்பருத்தி காட்டிக்கொடுத்துவிடும்.

காகிதப்பூவில் முள்ளைவிட நீளம்தான் தொல்லை. பத்தடிக் கொடியொன்று வெட்டுப்பட்டு, நழுவி நேராக முகத்தை நோக்கி வரும். கொடுக்காப்புளி வேலியில் இளந்தளிரை மட்டும் டிரிம்மருக்கு விடலாம். கொங்குப் பக்கத்துக் கிளுவை வேலிக்கு இதை வாங்கவே வேண்டாம், அது அருவாள் வேலை.

துஜா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை முடிந்து உள்ளே பழுப்புக் குச்சி தெரியும் அளவுக்கு வெட்டினால் அந்த இடம் திரும்பத் துளிர்க்காது. துரந்தாவில் அப்படி வெட்டினால் இரண்டு வாரம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அரளியும் திருகுகள்ளியும் தனி ரகம். அரளியின் இலை, தண்டு எல்லாமே நஞ்சு. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல், பார்வையே தற்காலிகமாகப் போகலாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஓடும் பற்கள் அந்தப் பாலைத் தூறலாகச் சிதறடிக்கும், அதுவும் உங்கள் தலைக்கு மேலே. திருகுகள்ளிக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்பேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கத்தரியால் ஒவ்வொரு கிளையாக எடுங்கள்.

3. கருவியில் பார்க்க வேண்டிய நான்கு

முனை எடை. மொத்த எடையைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், 3.5 முதல் 6 கிலோ வரை இருக்கும். தோளை ஒடிப்பது மொத்த எடை அல்ல, அதில் எவ்வளவு கம்பின் நுனியில் தொங்குகிறது என்பதுதான். மோட்டார் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும் மாடலும் உண்டு, பின்கைப்பிடியருகே இருக்கும் மாடலும் உண்டு. 4 கிலோ முன்கனக் கருவியைவிட 5 கிலோ சமநிலைக் கருவியோடு அதிக நேரம் நிற்கலாம்.

பல் இடைவெளி. இரண்டு பற்களுக்கு நடுவே நுழையும் கிளையைத்தான் வெட்ட முடியும். 16 மி.மீ. இடைவெளி துரந்தாவுக்குப் போதும். மருதாணி, ஃபைகஸ் என்றால் 20 மி.மீ.க்கு மேல் பாருங்கள். இடைவெளி அளவுக்கே தடித்த காய்ந்த கிளையை எந்தக் கருவியும் சுலபமாக வெட்டாது. முக்கால்வாசி தடிமன்தான் நிஜ அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடங்கும் கோணம். மேல்மட்டம் வெட்ட, பிளேடு கம்பிலிருந்து 60 டிகிரியாவது மடங்க வேண்டும். 90 டிகிரி மடங்கினால் நல்லது. சில மாடல்களில் எதிர்ப்பக்கமும் 45 டிகிரி மடங்கும். வேலியின் அடியோரத்தைக் குனியாமல் வெட்ட அது உதவும். எத்தனை படிகளில் பூட்டிக்கொள்கிறது என்றும் பாருங்கள். மூன்றே படி உள்ள கருவியில் நீங்கள் உடம்பை வளைத்துக் கோணத்தைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

பிளேடு நீளம். இதில் பெரியது நல்லது என்று நினைப்பது பொதுவான பிழை. நீள்கம்பில் 45 முதல் 50 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் நுனிக் கனம் கூடும், கட்டுப்பாடு குறையும்.

தோள் பெல்ட் கூட வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். பெல்ட் மாட்டக் கொக்கியே இல்லாத கருவியை ஒதுக்கிவிடலாம்.

4. பேட்டரி கணக்கு

கடையில் வோல்ட்டைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். "சார், இது 128 வோல்ட்டுங்க" என்று ஒருவர் சொன்னால், சார்ஜரைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். லித்தியம் அயான் செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். சார்ஜரின் வெளியீடு 21 வோல்ட் என்றிருந்தால் உள்ளே வரிசையாக இருப்பது 5 செல், அவ்வளவுதான். 42 வோல்ட் என்றால் 10 செல். பேட்டரி மேல் '88விஎஃப்', '128விஎஃப்' என்றெல்லாம் ஒட்டியிருப்பது வோல்ட் கணக்கே அல்ல.

பெயர்பெற்ற கம்பெனிகளிலும் ஒரு குழப்பம் உண்டு. 18 வோல்ட் என்பதும் '20 வோல்ட் மேக்ஸ்' என்பதும் ஒன்றேதான். 5 செல்லின் சராசரி வோல்ட்டை ஒருவர் எழுதுகிறார், உச்ச வோல்ட்டை மற்றவர் எழுதுகிறார். 36-ம் '40 மேக்ஸ்'-ம் அதே கதை.

நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-மணி, அதாவது பேட்டரிக்குள் அடங்கும் மொத்தச் சக்தி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144. கருவி சராசரியாக 200 வாட் இழுத்தால் முதலாவது இருபது நிமிடம் வரும், இரண்டாவது நாற்பது நிமிடத்தைத் தாண்டும். இளந்துளிரில் இதைவிட நீடிக்கும், முற்றிய மருதாணியில் குறையும்.

ஆனால் பெரிய பேட்டரி கனமானது. பேட்டரி பின்முனையில் மாட்டும் கருவியானால் அந்தக் கனம் நுனிக்கு எதிர்க்கனமாகி நன்மையே செய்யும். நாற்பது அடி வேலி வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு நடுத்தர பேட்டரி போதும், அது தீரும்போது கையும் ஓய்வு கேட்கும். அபார்ட்மென்ட் அளவு வேலிக்கு இரண்டு வேண்டும். வீட்டில் ஏற்கெனவே டிரில்லோ புல்வெட்டியோ ஒரு கம்பெனியின் பேட்டரியில் ஓடுகிறது என்றால், அதே பேட்டரியில் ஓடும் டிரிம்மரைப் பேட்டரி இல்லாமல் தனியாக விற்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இந்தக் கருவிகளில் விலையின் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது.

5. கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

முடிந்தால் ஆன்லைனில் முதல் முறையாக வாங்காதீர்கள். கடையில் பேட்டரியை மாட்டச் சொல்லி, பிளேடு உறையோடு கம்பை முழுதாக நீட்டி, பின்கை இடுப்பில், முன்கை நீட்டிய நிலையில் 60 டிகிரிக்குத் தூக்கி நில்லுங்கள். மனதுக்குள் நூறு எண்ணுங்கள். ஐம்பதுக்குள் முன்கை நடுங்கினால் அந்தக் கருவி உங்களுக்கு ஆகாது. விற்பவர் சங்கடப்படுவார், படட்டும்.

அப்படியே கம்பின் இணைப்புகளை ஆட்டிப் பாருங்கள். நீட்டிய கம்பு மூட்டில் ஆடினால் வேலியின் மேல்மட்டம் அலையலையாகத்தான் வரும். பிளேடும் கியரும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். உதிரி கிடைக்காத மலிவுக் கருவி ஒரு கல்லில் பல் உடைந்தவுடன் வெறும் கம்புதான்.

6. எந்த மாதம், எந்த நேரம்

கத்திரி வெயிலில் ஒட்ட வெட்டாதீர்கள். இதுவரை நிழலில் இருந்த உள்ளிலைகள் திடீரென்று வெயிலில் நின்று கருகிவிடும். பெரிய வெட்டுக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசி வாக்கில் நல்ல நேரம். மழை பெய்ததும் அடர்ந்து துளிர்க்கும். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு லேசான வெட்டு. நடுவில் துரந்தா மாதிரி அவசரக்காரச் செடிகளுக்கு மாதம் ஒரு முறை நுனி மட்டும்.

பூவுக்காக வளர்க்கும் வேலியில் கணக்கு வேறு. இட்லிப்பூவும் செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுக்கிளையில் பூப்பவை. மாதாமாதம் நுனி வெட்டினால் பச்சைச் சுவர்தான் மிஞ்சும். ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிட்டு அடுத்த சுற்று முடியும்வரை விட்டுவிடுங்கள்.

காலையில் பனி காய்ந்தபின், பத்து மணிக்குள் முடிப்பதுபோலத் தொடங்குங்கள். ஈர இலை பற்களில் அப்பிக்கொள்ளும், ஈர மண்ணில் கால் வழுக்கும். தூறல் விழுந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

7. வெட்டும் முன் வேலியைச் சுற்றி நடங்கள்

கருவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு நடக்க வேண்டும். கையில் இருந்தால் பொறுமை இருக்காது.

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், தெருவோர லைன், கேபிள் டிவி, இன்டர்நெட் கேபிள் எல்லாமே வேலிக்கு மேலேதான் போகும். பேட்டரி கருவிதானே, ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கருவியின் மின்சாரம் அடிக்காது, சரி. கம்பி உலோகம், கம்பு உலோகம், நடுவில் நீங்கள். எந்த இன்சுலேஷனும் இந்தக் கருவிகளில் கிடையாது. கையேடுகள் மின்கம்பியிலிருந்து 10 மீட்டர், சில கையேடுகள் 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கின்றன. நகரத்து வீட்டில் அவ்வளவு இடைவெளி கிடைக்காது. கிடைக்காத பகுதியில் நீள்கம்பை எடுக்கவே கூடாது. கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் வெட்டாதீர்கள், ஆள் வைத்தும் வெட்டாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லி, லைனை நிறுத்தி அவர்களே வெட்டட்டும்.

அடுத்து வேலிக்குள் பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல ஒரு உருண்டை தெரிந்தால் அதில் இருவரில் ஒருவர் இருப்பார். இலையோரத்தில் பஞ்சு முடிச்சு தனித்தனியாகத் தெரிந்து, வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் தையல்சிட்டின் கூடு. வெள்ளைச் சவ்வு போல ஒட்டி எல்லாப் பக்கமும் மூடியிருந்தால் முசுறு எறும்பு. தையல்சிட்டோ, சின்னானோ, தேன்சிட்டோ கூட்டில் முட்டையோடு இருந்தால், சுற்றி மூன்றடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். நாலு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். முசுறுக் கூட்டை நீள்கம்பால் தொட்டால் அது நேராகச் சட்டைக் காலருக்குள் விழும். அதன்பின் ஓடும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஆடும் ஆட்டம் ஆபத்தானது.

குளவிக்கூடு, தேன்கூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. பச்சைப்பாம்பு வேலிச் செடியில் இருப்பது சாதாரணம். நீண்ட குச்சியால் வேலியை நாலு இடத்தில் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கொடுங்கள், அது தன் வழியில் போய்விடும்.

கடைசியாகச் செடிக்குள் புதைந்துபோன கம்பிவேலி, பழைய துணிக்கொடிக் கயிறு, சீரியல் லைட் வயர். வளர்ந்த வேலி இவற்றை விழுங்கிவைத்திருக்கும். பல் உடைவதற்கு முதல் காரணம் முள்கம்பிதான். இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள்.

8. உடுப்பு

பக்கத்தை மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, குப்பை மேலிருந்து விழுந்து பக்கவாட்டு இடைவெளியிலும் புகுந்துவிடும். தலைக்கு ஹெல்மெட் அல்லது குறைந்தது தடித்த தொப்பி, கழுத்தில் துண்டு, முழுக்கைச் சட்டை, கையுறை, மூடிய ஷூ. வேட்டி, செருப்பு வேண்டாம்.

9. நூல் கட்டுங்கள், பாய் விரியுங்கள்

கண் அளவில் வெட்டினால் வேலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரையடி ஏறியோ இறங்கியோ போயிருக்கும். நீள்கம்பில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கீழிருந்து பார்க்கும்போது மேல்மட்டம் கண்ணுக்கே தெரியாது. இரண்டு முனையிலும் கம்பு நட்டு, வேண்டிய உயரத்துக்கு இரண்டு அங்குலம் மேலே கொத்தனார் நூலை இழுத்துக் கட்டுங்கள். வெட்டும் உயரத்திலேயே கட்டினால் முதல் ஓட்டத்திலேயே நூல் போய்விடும்.

வேலியடியில் தார்ப்பாயோ பழைய சேலையோ விரித்தால் பிற்பாடு கூட்டும் வேலை பாதியாகும். அதன்மேல் நின்று வெட்டாதீர்கள், வழுக்கும். நகர்த்திக்கொண்டே போங்கள்.

10. தடித்த கிளைகள் முதலில், அதுவும் கையால்

விரல் தடிமனுக்கு மேலுள்ள கிளைகளையெல்லாம் கவாத்துக் கத்தரியாலோ கம்பு ரம்பத்தாலோ முன்னாடியே எடுத்துவிடுங்கள். டிரிம்மரை ஓட்டும்போது நடுவில் ஒரு தடித்த கிளை வந்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பிளேடை அதன்மேல் அழுத்துவது. மோட்டார் முனகும், பேட்டரி சூடேறும், கருவி தானாக அணைந்துகொள்ளும், கிளை நார்நாராகக் கிழிந்து நிற்கும். கிழிந்த நுனி காய்ந்து பழுப்பாகி, வெட்டிய வேலி முழுக்க நோய் வந்ததுபோல் தோன்றும்.

11. பக்கவாட்டு

பெல்ட்டை மாட்டி, கருவியின் எடை தோளில் தொங்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். கோணத்தை மாற்றும்போதெல்லாம், முதல் முறை உட்பட, பேட்டரி வெளியே இருக்க வேண்டும். மூட்டில் கை வைத்திருக்கும்போது பெல்ட்டோ சட்டையோ சுவிட்சில் மாட்டுவது நடக்கக்கூடிய விஷயம்.

பிளேடு வேலியின் முகத்துக்கு இணையாக நிற்கும்படி மூட்டை மடக்குங்கள். அடியிலிருந்து மேலாக, ஒரு வில் போட்டதுபோல அசைத்து வெட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் வெட்டிய குப்பை கீழே உள்ள வெட்டாத செடிமேல் விழுந்து தங்கி, அங்கே எது செடி எது குப்பை என்றே தெரியாது.

துறட்டி பிடித்துப் பழகிய கை இங்கே தப்புச் செய்யும். துறட்டியை மாட்டிக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். டிரிம்மரை இழுத்தால் கிளை வளைந்து பற்களிலிருந்து நழுவிவிடும், அல்லது பிளேடு சிக்கும். இதற்கு இழுப்பும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். ஓடும் பிளேடைச் செடியின் முகத்தில் தடவிக்கொண்டு போனால் போதும். வேகம் உங்கள் அசைவில் வர வேண்டியதில்லை, பற்களில் இருக்கிறது.

அடிப்பகுதி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் இருக்கட்டும், ஆறடி உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் அரையடி உள்சாய்வு போதும். மேலே அகலமாக விட்டால் நிழலில் அடி இலைகள் உதிர்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் வேலி காலில்லாமல் நிற்கும். நம் ஊரில் பார்க்கும் துரந்தா வேலிகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. ஆடு மேய்ந்தது என்று பழி சொல்வார்கள், உண்மையில் வெட்டுதான் காரணம்.

நின்ற இடத்திலிருந்தே எட்டியதையெல்லாம் வெட்டிவிடும் ஆசை வரும். பிளேடு உங்கள் உடம்புக்கு நேர் முன்னால் இரண்டடி அகலத்தில் மட்டும் வேலை செய்யட்டும். அது முடிந்ததும் பக்கவாட்டில் ஒரு அடி வைத்து நகருங்கள். இடுப்பைத் திருகி எட்டினால் கருவியின் கனம் முழுக்க முதுகில் இறங்கும், பிளேடின் கோணமும் மாறி வேலியில் குழி விழும். முழங்கை தோளுக்கு மேலே போகிறது என்றால் கம்பு போதவில்லை, அல்லது நீங்கள் வேலிக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். ஒரு அடி பின்னால் போய்ப் பாருங்கள்.

12. மேல்மட்டம்

பக்கவாட்டு முடிந்தபின்தான் மேல்மட்டம். பக்கங்கள் உள்ளே வந்திருப்பதால் மேல்மட்டம் குறுகியிருக்கும், எட்ட வேண்டிய தூரம் குறையும்.

பேட்டரியைக் கழற்றி, கம்பை 60 டிகிரியில் பிடித்தபடி பிளேடு தரைக்குச் சமமாக வரும்வரை மூட்டை மடக்கிப் பூட்டுங்கள். வெட்டும்போது பிளேடைத் தூக்கி இறக்காமல், உங்கள் கால்கள் நகர நகரப் பிளேடு நூலுக்குக் கீழே படுத்தபடியே போக வேண்டும். கைகள் அப்படியே இருக்க, நடையால் வெட்டுவது. இது ஒன்று பழகிவிட்டால் மேல்மட்டம் தானாகச் சமமாகும்.

வேலி ஒன்றரை அடிக்கு மேல் அகலமென்றால் ஒரு பக்கத்திலிருந்து முழுதும் எட்டாது. நடுவரை இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரர் இடமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தெருப்பக்கம் வெட்டும்போது ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். வண்டியில் வருபவருக்குத் தலைக்கு மேல் ஓடும் பிளேடு தெரியாது.

வெட்டிய குப்பை மேலேயே தங்கும். அதைப் பிளேடால் தள்ளாமல், கருவியை அணைத்துக் கீழே வைத்துவிட்டு ஒட்டடைக் குச்சியாலோ மூங்கிலாலோ உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இறக்கி வைத்து, பத்தடி தள்ளிப்போய் நின்று வேலியைப் பாருங்கள். ஓய்வும் ஆயிற்று, குழி மேடும் தெரியும். வெட்டிவிட்டதை ஒட்டவைக்க முடியாது என்பதால் முதல் சுற்றில் கொஞ்சம் குறைவாகவே வெட்டி, இரண்டாவது சுற்றில் நூலுக்கு இரண்டு அங்குலம் கீழே வரைக்கும் இறங்குங்கள்.

13. சிக்கிக்கொண்டால்

சுவிட்சை விடுங்கள், பிளேடு நிற்கும்வரை காத்திருங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், அப்புறம்தான் கை. இந்த வரிசை மாறக் கூடாது. சிக்கிய கிளை பற்களை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை நீங்கள் எடுத்தவுடன், பேட்டரி உள்ளே இருந்து சுவிட்சும் அழுந்தியிருந்தால் பிளேடு ஒரே தாவாகத் தாவும். அதிலும் நீள்கம்பில் ஒருவர் பின்னால் கருவியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன்னால் போய்க் கிளையை எடுக்கிறார். "பிடிச்சுக்கங்கண்ணே, நான் எடுத்துடறேன்" என்பது விரல் போவதற்கு முந்தைய வாக்கியம். பேட்டரியை முன்னால் போகிறவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகட்டும்.

14. குப்பை

துரந்தா, மருதாணி, செம்பருத்திக் குப்பை உரக்குழிக்குப் போகலாம். துரந்தாவின் மஞ்சள் பழங்கள் நஞ்சு என்பதால் குழந்தைகள் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரளிக் குப்பையை ஆடு மாடு எட்டும் இடத்தில் கொட்டவே கூடாது. காய்ந்தபின்னும் நஞ்சு போகாது, எரித்தால் புகையும் ஆகாது.

15. அன்றைக்கே பிளேடைக் கவனியுங்கள்

பேட்டரியைக் கழற்றிய கருவியை மேஜைமேல் வைத்து, பற்களில் ஒட்டிய பாலையும் பிசினையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். ஃபைகஸ் வெட்டிய நாளில் இதை ராத்திரிக்குத் தள்ளிப்போட்டால் பால் பசையாக இறுகி, அடுத்த முறை பிளேடு அசையவே அடம்பிடிக்கும். துடைத்தபின் மெஷின் ஆயிலை இரண்டு பிளேடுகளுக்கும் இடையே சொட்டுச் சொட்டாக விட்டு, பேட்டரியை மாட்டிச் சில நொடிகள் ஓடவிடுங்கள். எண்ணெய் பரவியதும் உறையைப் போட்டுவிடலாம். கருவியைத் தண்ணீர்க் குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள்.

கியர் பாக்ஸில் கிரீஸ் துளை இருக்கும் மாடலா என்று கையேட்டில் பார்த்து, அதில் சொன்ன இடைவெளியில் போடுங்கள். நுனி வெட்டு சுத்தமாக இல்லாமல் இலை நசுங்கித் தெரிந்தால் சாணை நேரம் வந்துவிட்டது. பல்லின் சாய்வுப் பக்கத்தை மட்டும், ஏற்கெனவே இருக்கும் கோணம் மாறாமல், ஒரே திசையில் அரத்தால் தேயுங்கள். தட்டையான பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு பிளேடுகளுக்கும் இடையே இடைவெளி விழுந்து, கருவி வெட்டுவதற்குப் பதில் மெல்ல ஆரம்பித்துவிடும்.

16. பேட்டரியை வைக்கும் இடம்

வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். தொட்டுப்பார்த்துச் சூடு ஆறியதும் போடுங்கள். லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைத் தின்னும். மே மாதத்துத் தகரக் கொட்டகையும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், கருவி கொட்டகையில் இருக்கட்டும்.

மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். பேட்டரியில் சார்ஜ் காட்டும் விளக்கு நாலில் இரண்டு எரிந்தால் சரி. முழுதாக ஏற்றி வைப்பதும், முற்றிலும் தீர்த்து வைப்பதும் இரண்டுமே கெடுதல். உப்பிப்போன, கீழே விழுந்து விரிசல் விட்ட பேட்டரியைச் சார்ஜரில் போட்டு 'பார்க்கலாம்' என்று நினைக்காதீர்கள். குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிடுங்கள்.